முட்டையில் இல்லாத பெயர்

ஃபர்ஷீதுக்கு முழங்கால் போன மூன்றாம் நாள், திங்கட்கிழமை பிற்பகல், சோஹ்ராப் அன்னாசித் துண்டு டின் ஒன்றை வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனான். ஈரானின் ஆபாதானில் நோயாளி வீட்டுக்கு வேறு எதை வாங்கிப் போவது? போய்ப் பார்த்தால் ஜன்னலோரம் அதே டின் பதினாறு அடுக்கியிருந்தது. தான் படுத்தால் எத்தனை வரும் என்று அவன் மனம் தன்னால் எண்ணிப் பார்த்தது. நாலு. மிஞ்சிப்போனால் ஐந்து.

இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று தொடங்கியதல்ல. இருவரும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். சோஹ்ராபின் தாய் பிரசவ ஜன்னியில் கிடந்தபோது, அடுத்த வீட்டுக் கவ்கப் அம்மாள்தான் தன் மகன் ஃபர்ஷீதை ஒரு பக்கமும் இவனை ஒரு பக்கமும் போட்டுப் பாலூட்டினாள். அந்த வகையில் இருவரும் பால் சகோதரர்கள். இந்த ஊரில் அது இரத்த உறவுக்கு ஒரு முழம்கூடக் குறைந்ததல்ல. ஒரே பாலைக் குடித்த இரண்டு பேரில், ஒருவனுடைய இடது காலுக்கு மட்டும் அத்தனையும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இருபத்திரண்டு வருடமாகச் சோஹ்ராபுக்கு விளங்காத சங்கதி.

தெருவில் ஆடிய காலத்தில் ஒரு பிளாஸ்டிக் பந்தைக் கீறி, இன்னொன்றை அதற்குள் திணித்துக் கனமாக்கிக்கொள்வார்கள். கையைக் கீறிக்கொண்டு பந்து தயார் செய்வது சோஹ்ராப். முதல் கோல் போடுவது ஃபர்ஷீத். பதினான்கில் பள்ளி அணி, பதினேழில் ஊர்க் கிளப்பின் இளையோர் அணி, பத்தொன்பதில் பெரிய அணி என்று இருவரும் சேர்ந்தேதான் ஏறினார்கள். ஆனால் ஏறியபோதெல்லாம் ஃபர்ஷீத் ஒரு படி முன்னால். சோஹ்ராபும் இடது காலன்தான். "ஒரு பக்கத்துக்கு ஒருத்தன் போதும்பா" என்று பயிற்சியாளர் அவனை நடுவே தள்ளிவிட்டார். எதிராளியிடம் பந்தைப் பிடுங்கி இடப்பக்கம் ஓடும் ஃபர்ஷீதுக்குக் கொடுப்பது அவன் வேலை. கல்யாணம் அவனுக்கு, பந்தி பரிமாறுவது இவன். சென்ற பருவத்தில் ஃபர்ஷீத் போட்ட பதினொரு கோலில் எட்டு இவன் கொடுத்த பந்து. அதை எண்ணி வைத்திருந்தவனும் இவன் ஒருவன்தான்.

இந்த வியாழக்கிழமை ஆட்டத்துக்குத் தெஹ்ரானின் பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஃபர்ஷீதைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. சனிக்கிழமைப் பயிற்சியில் ஃபர்ஷீத் மூலையிலிருந்து ஒரு பந்தை அடித்தான். அது வளைந்து போய் வலைக்குள் விழுந்தது. "என்ன காலுடா அது!" என்றான் சோஹ்ராப். இங்கே யாரைப் புகழ்ந்தாலும் அதே மூச்சில் மாஷா அல்லா சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவன் அதை வெளியே விடவில்லை. அடுத்த ஓட்டத்தில் ஃபர்ஷீதின் கால் புல்லில் சிக்கி முழங்கால் திருகிக்கொண்டது. இரண்டு மாதம் என்றார் டாக்டர். "வியாழக்கிழமை இடப்பக்கம் நீ ஆடுறே" என்று அன்று சாயங்காலமே பயிற்சியாளர் சோஹ்ராபிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காத்திருந்த இடம் கிடைத்ததாலா, கிடைத்த விதத்தாலா என்று அவனுக்கே தெரியவில்லை.

அறையில் கண்ணேறு கழிக்கும் இஸ்பந்து விதை புகைந்துகொண்டிருந்தது. மெத்தையில் ஃபர்ஷீத் கட்டுப் போட்ட காலை நீட்டிக் கிடந்தான். பக்கத்தில் அணியின் கோல்கீப்பர் அப்தோலி, யாரோ கொண்டுவந்த டின்னைத் திறந்து தானே தின்றுகொண்டிருந்தான். கவ்கப் அம்மாள் ஒரு முட்டையும் அடுப்புக்கரியும் எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

"யார் கண்ணுன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

முட்டையின் மேலும் கீழும் ஒவ்வொரு நாணயத்தை வைத்துத் துணியில் பொதிந்து, பெயர் சொல்லி அழுத்துவார்கள். கண் வைத்தவன் பெயரில் முட்டை உடையும். சோஹ்ராப் பள்ளிக்கூடம் படித்தவன், இதையெல்லாம் நம்பாதவன். ஆனாலும் கதவுக்கு எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டான்.

அம்மாள் ஒவ்வொரு பெயருக்கும் முட்டையில் கரியால் ஒரு வட்டம் போட்டாள். பயிற்சியாளர், அவர் மனைவி, மைதானத்துத் தேநீர்க்கடைக்காரர், நடுவர்.

"நடுவரை விடுங்கம்மா" என்றான் அப்தோலி. "அந்தாளுக்குக் கண்ணே கிடையாது, எங்கேருந்து வைப்பான்? என் பேரை எழுதுங்க. என் கண்ணு பட்டா முழங்கால் என்ன, கோல் கம்பமே சாஞ்சிடும். பிரேசில்லேருந்து ஆள் வந்து கெஞ்சிட்டுப் போனான், எங்க பசங்களைப் பாக்காதீங்கண்ணேன்னு."

"வாயை மூடுடா தீனிப்பானை" என்றான் ஃபர்ஷீத்.

அம்மாள் ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழுத்தினாள். அப்தோலி பெயரில் உடையவில்லை. பெற்றவள் கண்ணும் படும் என்று தன் பெயரைச் சொன்னாள். தன் கண்ணே தனக்குப் படுவதுண்டு என்று ஃபர்ஷீத் பெயரையும் சொல்லி, நகம் வெளுக்க அழுத்தினாள். முட்டை அசையவில்லை.

"அவ்வளவுதான். யாருமில்லே."

சோஹ்ராபுக்கு மூச்சு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேநீர்க்கடைக்காரருக்குக்கூட முட்டையில் ஒரு வட்டம் இருக்கிறது. பொறாமைப்படுகிறவர் வரிசையிலும் தனக்கு இடமில்லையா?

"என் பேரைச் சொல்லலியேம்மா?"

"உன் பேர் எதுக்கு? என் பாலைக் குடிச்சவன் கண்ணு அவன் மேல படுமா?"

"சும்மா சொல்லுங்க."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். "சோஹ்ராப்" என்றாள். முட்டை உடையவில்லை. "பாத்தியா?" என்று துணியைப் பிரிக்கப் போனாள்.

சோஹ்ராப் அவள் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நகம் வெளுக்கவில்லை. அவள் அழுத்தவே இல்லை. மகன் பெயருக்குச் சந்தேகமில்லாமல் அழுத்திய கை, தன் பெயருக்குப் பயந்து தளர்ந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து?

"அவனுக்கு அழுத்தின மாதிரி எனக்கும் அழுத்துங்க."

"வேணாம்டா, ராசா."

அவன் முன்னால் நகர்ந்து, அவள் கைமேல் தன் இரண்டு கையையும் வைத்து நெரித்தான். மஞ்சள் கரு துணியை நனைத்து அவள் மடியில் வழிந்தது.

"ஃபவுல்! ஃபவுல்!" என்று கத்தினான் அப்தோலி. "கைமேல கையை வெச்சா கல்லுகூட உடையும், இது செல்லாது!" வேறு யாரும் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டான். அம்மாள் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

ஃபர்ஷீத் கூரையைப் பார்த்தபடி கேட்டான். "எத்தனை நாளா?"

"நினைவு தெரிஞ்ச நாளா."

"அப்புறம் என்னத்துக்குடா பந்தை எனக்கே குடுத்தே?"

"குடுக்க வேண்டிய இடத்துல நீதானே நிப்பே. அதாண்டா வயித்தெரிச்சல்."

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது. சோஹ்ராப் எழுந்து செருப்பைத் தேடினான்.

"உக்காருடா" என்றான் ஃபர்ஷீத். குரலில் கோபம் இருந்தது. "கோபம் எனக்கு எங்கேயும் போயிடாது, அப்புறம் வெச்சுக்கலாம். வியாழக்கிழமை உன்னைத் தடுக்கப்போறவன் இருக்கானே, அந்த உயரமானவன். அவனுக்கு வலது தோள் பக்கம் திரும்ப ஒரு நொடி கூடுதலா ஆகும். பந்தைக் காலுக்கு வாங்காதே. அவன் முதுகுக்குப் பின்னால போடச் சொல்லிட்டு ஓடு."

சோஹ்ராப் கண்ணை மூடி யோசித்தான். உண்மைதான். அதே ஆளுக்கு எதிராக இந்த இரண்டு வருடத்தில் நான்கு முறை ஆடியிருக்கிறான். ஒரு முறைகூட இது தனக்குத் தோன்றியதில்லை. படுக்கையில் கிடந்துகொண்டு இவனுக்குத் தோன்றுகிறதே என்று நினைத்தபோது, பழைய இடத்திலேயே, பழைய மாதிரியே வயிறு எரிந்தது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றான். "எந்தத் தோள்?"