லேப்ரடார் என்று எழுதி அடித்தது

1

இந்தக் கதை நாயிடமிருந்து கிடைத்ததல்ல, ஒரு டிராம்போலினிடமிருந்து கிடைத்தது. ஏப்ரல் மாதம், ஏரிக்காற்றில் இன்னும் குளிர் போகாத ஒரு காலை. எதிர்வீட்டு கர்ட்டிஸ் டாலிவரும் அவன் மனைவியும் இரண்டு மச்சான்களும், பிள்ளைகள் குதிக்கும் அந்தப் பெரிய வட்டத்தைப் பல்லக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து என் கொல்லைக்குள் நுழைந்தார்கள்.

"நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரன் வர்றான். அவன் போனதும் எடுத்துக்கறோம், நீ கண்டுக்காதே," என்றான் கர்ட்டிஸ்.

அமெரிக்காவின் ஈரி நகரத்தில், குறைந்தபட்சம் எங்கள் தெருவில், இது வழக்கம்தான். வீட்டைப் படம் எடுக்கக் கம்பெனி ஆள் வரும்போது, விபத்து வரும் என்று கம்பெனிக்குப் பிடிக்காததெல்லாம் பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்விடும். டிராம்போலின் போகும். வேலியில்லாத நீச்சல் தொட்டி சுருட்டிக்கொண்டு போகும். சில இனத்து நாய்களும் போகும்.

இந்தத் தடவை போகாத ஒன்றைப் பற்றியது இந்தக் கதை.

2

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன். அடித்ததை மறைக்கவில்லை, நீங்களே பாருங்கள்.

(அ) லொரெட்டா நொவிக்கிக்கு உலகத்தில் வேறு யாருமே இல்லை, அந்த நாய் மட்டும்தான்—

பொய். அவளுக்கு மூன்று அக்காக்கள், ஒரு பௌலிங் குழு, சண்டை போட ஒரு முன்னாள் கணவன் எல்லாரும் இருக்கிறார்கள்.

(ஆ) சட்டமும் அன்பும் ஒன்றோடொன்று மோதும்போது—

எனக்கே கொட்டாவி வந்தது.

(இ) லொரெட்டாவிடம் ஒரு வீடு இருந்தது, ஒரு நாய் இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இது இருக்கட்டும்.

என் பக்கத்து வீட்டு லொரெட்டா நகராட்சியின் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டியவள், குரல் கனத்தது, பேச்சு சுருக்கம். அவளுடைய பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. புதிய கம்பெனியின் விலக்குப் பட்டியலில், கடிக்கும் இனம் என்று பெயர் வாங்கிய பிட்புல் நாய் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாத வீட்டை, கடன் கொடுத்த வங்கி சும்மா விடாது. பின்கதை இவ்வளவுதான், இதற்கு மேல் எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

நாயின் பெயர் பியரோகி.*

* போலந்துக்காரர்களின் கொழுக்கட்டை. குட்டியாக வந்தபோது அப்படித்தான் இருந்தாளாம். இப்போது அந்தச் சாயல் துளிகூட இல்லை.

3

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில் பியரோகியை லேப்ரடார் ஆக்கியிருந்தேன். மஞ்சள் நிறம், தொங்கும் காது, பந்து கண்டால் ஓட்டம். உங்களுக்கு உடனே பிடித்துப்போகும் என்று கணக்குப் போட்டேன். பிட்புல் என்றால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துவீர்கள் என்று பயந்தேன்.*

* பிறந்த இனத்தைக் கேட்டதுமே நாற்காலியை நகர்த்துவது எப்படிப்பட்ட காரியம் என்று தமிழில் படிக்கிறவர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

பிறகுதான் உறைத்தது. நாய்க் காப்பகத்துக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். யாராவது கூட்டிக்கொண்டு போகட்டும் என்று பியரோகியின் கூண்டில் 'லேப் கலப்பு' என்று அட்டை மாட்டியிருந்தார்கள். லொரெட்டாவின் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஜோலீன், பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி, அவளும் தொலைபேசியில் அதையேதான் சொன்னாள்.

"லேப் கலப்புன்னு சொல்லுடி, முடிஞ்சு போச்சு. இந்த ஊர்ல எவ பிட்புல் வளக்கறா? எல்லார் வீட்லயும் லேப் கலப்புதான்."

"நீ வந்து பாத்தா தெரியாதா?"

"பாத்தா எழுதணும். அதனாலதான் நாலு வருஷமா உன் வீட்டுப் பக்கமே வரல. உனக்காகத்தான் வரல, அதையாவது புரிஞ்சுக்கோ."

லொரெட்டாவுக்குப் புரிந்தது. ஜோலீனின் நல்ல மனசும் புரிந்தது, தன் வீட்டுக்கு சிநேகிதி வராமல் போனதும் புரிந்தது. 

4

டிராம்போலின் வந்த அன்று சாயங்காலமே, இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள், வேலியோரம் நானே போய்க் கேட்டேன். நாளைக்கு பியரோகி என் வீட்டில் இருக்கட்டுமே, டிராம்போலினோடு டிராம்போலினாக.

"வேணாம்," என்றாள் லொரெட்டா.

"ஒரு மத்தியானம்தானே?"

"போன தடவையும் ஒரு மத்தியானம்தான். கர்ட்டிஸ் வீட்டு நிலவறையில விட்டேன். நான் அவளைக் கைவிட்டுட்டேன்னு நெனச்சுட்டா. கதவைக் கடிச்சுக் கடிச்சு ஒரு பல்லு ஒடஞ்சு போச்சு. இன்னிக்கும் அவன் வீட்டு வாசல் வந்தா படுத்துக்கறா, இழுத்தாலும் நகர மாட்டேங்கறா."

கர்ட்டிஸ் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான். "சொல்றதைக் கேளு லொரெட்டா. எங்க வீட்டு டிராம்போலின் என்னிக்காவது மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிச்சா?"

"அதுக்கு மூஞ்சி இல்ல கர்ட்டிஸ்."

இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பதையும், அதில் நாய் லேப்ரடார் ஆகிவிட்டதையும் பேச்சுவாக்கில் உளறினேன். லொரெட்டா கையுறையைக் கழற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன் எழுத்தாளரே, உன் கதையிலயும் அவ ஒளிஞ்சுக்கணுமா? யாரைக் கடிச்சா அவ? என்ன தப்பு பண்ணா?"

வீட்டுக்கு வந்து லேப்ரடாரை அடித்தேன். அகன்ற தலை, வெட்டாத காது, சாம்பல் உடம்பு, நெஞ்சில் வெள்ளைத் திட்டு. பிட்புல். நாற்காலியை நகர்த்துகிறவர்கள் நகர்த்திக்கொள்ளலாம்.

5

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் நாய் இன்ஸ்பெக்டரைக் கடிக்கிறது. எழுத எளிது, பரபரப்பும் உண்டு. ஆனால் பியரோகி வாக்குவம் கிளீனர் சத்தத்துக்குக் கட்டிலடியில் போய்ப் படுப்பவள். கம்பெனியின் சந்தேகத்துக்கு நான் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்?

இரண்டாவதில் ஏணியிலிருந்து விழப்போன இன்ஸ்பெக்டரை நாய் காப்பாற்றுகிறது, கம்பெனி மனம் மாறுகிறது. கூச்சமாக இருந்தது. உயிரோடிருக்கும் உரிமைக்காக ஒரு நாய் வீரச்செயல் செய்து காட்ட வேண்டுமா என்ன?

மூன்றாவதில் லொரெட்டா நாயை ஒஹையோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறாள். 'கண்ணீருடன் காரின் கதவைத் திறந்தாள்' என்று எழுதினேன். திறந்தாள். பியரோகி ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு லொரெட்டா ஓட்ட மாட்டேன் என்கிறாள். எத்தனை வாக்கியம் போட்டுத் தள்ளினாலும் கார் நகரவில்லை.

எனவே நடந்ததையே எழுதுகிறேன்.

6

இன்ஸ்பெக்டர் கர்ட்டிஸ் வீட்டை முடித்துவிட்டு வந்தார். வென்டெல் என்று சட்டையில் பெயர். லொரெட்டா தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், அவள் தொடையில் முழு பாரத்தையும் சாய்த்துக்கொண்டு, பியரோகி.

 லொரெட்டா இதற்கு முன்பே வேறு மூன்று கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பார்த்திருந்தாள். இரண்டு முடியாது என்றன. ஒன்று மட்டும் இனத்தைக் கேட்கவில்லை, யாரையாவது கடித்திருக்கிறதா என்று கேட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்றது. பதில் வரவில்லை. வீடு போனால் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

வென்டெல் நாயைப் பார்த்தார். பிறகு கவனமாகக் கூரையைப் பார்த்தார்.

"மேடம், நான் கூரையும் படிக்கட்டும் பாக்கத்தான் வந்தேன். நாய் உள்ள இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"வெளிய இருக்கா."

"அதான் சொல்றேன். வண்டியில காபி இருக்கு. போய்க் குடிச்சுட்டு வரேன். நிதானமாத்தான் குடிப்பேன்."

"நல்லாக் குடிங்க. திரும்பி வரும்போதும் இங்கதான் இருப்போம்."

"உங்களுக்குப் புரியுது இல்ல?"

"புரியுது. அவ பேரு பியரோகி. பிட்புல். யாரையும் கடிச்சதில்ல. இனிமே அவளை ஒளிச்சு வைக்க மாட்டேன்."

[இந்த இடத்தில் தெருவில் உள்ளவர்கள் எல்லாரும் தங்கள் நாய்களோடு வெளியே வந்து நிற்பதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். யாரும் வரவில்லை. கர்ட்டிஸ் மட்டும் வந்து தன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய டிராம்போலின் என் கொல்லையிலேயே கிடந்தது.]

வென்டெல் வண்டிக்குப் போனார்.

நான் எழுதுவது இத்துடன் நிற்கிறது. வென்டெலுக்குப் பதிலாகக் காபி குடிப்பது இனி நீங்கள்தான். கேமராவும் உங்கள் கையில்தான். நாயை விட்டுவிட்டு வீட்டை மட்டும் படம் பிடித்தால் வீடு தப்பும். அவள் மறுபடியும் ஒளிக்கப்படுவாள், இந்த முறை நிலவறையில் அல்ல, உங்கள் படத்தின் விளிம்புக்கு வெளியே. அவளைச் சேர்த்துப் பிடித்தால் கம்பெனி என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். பதில் சொல்லாத அந்தக் கம்பெனி ஒன்று பாக்கி இருக்கிறது என்பதும் தெரியும். எனக்குத் தெரிந்த எதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

கோப்பை காலியாகிவிட்டது. வண்டிக் கதவைத் திறந்து இறங்குகிறீர்கள். பியரோகி உங்களைப் பார்த்து வாலை ஒருமுறை படியில் தட்டுகிறாள்.

லொரெட்டா எழுந்திருக்கவில்லை.