சும்மா இருக்கத் தெரிந்த கணினி

இது எந்த வருடம் நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதில்கூடச் சில நாள் குழம்பிப்போகிறேன். பக்கத்து வீட்டுக் கணினி போட்ட இரைச்சலில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அது ஒரு கட்டட வரைகலைஞர் வீடு, இரண்டே அறைகள். ஒன்றில் அவர் இன்னும் எழும்பாத வீடுகளைக் கணினியில் எழுப்பிக் காட்டுவார். மற்றதில் அவர் மனைவி, பார்வையற்றோர் நூலகத்துக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வாள். நடுவில் மெல்லிய பலகைத் தடுப்பு.

கணினியின் மூளையான பிராசஸரை, செய்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேலே முடுக்கி வைத்திருந்தார். அது தடுமாறாமல் நிற்க மூன்று வாரம் மல்லுக்கட்டியிருந்தார். வேகம் கூட்டிய இயந்திரத்தைக் கண்ணயரவிட்டால் எழும்போது முரண்டு பிடிக்கும் என்று எங்கோ படித்ததை நம்பி, மின்சாரம் சேமிக்கும் வசதிகள் அத்தனையையும் அணைத்துவிட்டார். ஆகவே வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உச்ச வேகத்திலேயே கொதித்தது. அதை ஆற்ற விசிறி நாள் முழுக்கக் கத்தியது.

ஒரு பிற்பகல் சட்டை எடுக்கச் சுவர் அலமாரியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொங்கும் துணிகளுக்கு நடுவே, மடியில் புத்தகமும் வாயருகே மைக்குமாக மனைவி உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"இங்க என்ன பண்றே?"

"வாசிக்கிறேன். ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க, பின்னால இரைச்சல் கேக்குதுன்னு. இதுவும் திரும்பினா வேற ஆளப் பாத்துக்குவாங்களாம். கதவ மூடுங்க."

மூடினார். வெகுநேரம் கதவின் முன்னாலேயே நின்றார்.

அந்த வாரக் கடைசியில் மனைவியின் தம்பி வந்தான். லிஃப்ட் மெக்கானிக். வந்ததும் காதைப் பொத்திக்கொண்டான்.

"மாமா, இப்ப இதுல என்ன ஓடுது?"

"ஒண்ணுமில்ல. படத்தத் திறந்து வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தக் கத்து? ஆளே இல்லாத லிஃப்ட்ட நான் மேலயும் கீழயும் ஓட்டிட்டிருந்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"பட்டன் அமுக்கறவனுக்கு இதப் பத்தி என்ன தெரியும் மாப்ள?"

"அமுக்கினாத்தானே நகரணும். அதத்தானே நானும் சொல்றேன்."

வரைகலைஞர் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். மூன்று வார உழைப்பு பாழானாலும் ஆகட்டும் என்று கணினியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். மின்சாரம் சேமிக்கும் வசதிகளை ஒவ்வொன்றாக இயக்கினார். பிராசஸருக்கு ஒரே அளவில் பூட்டி வைத்த மின்னழுத்தத்தை, வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி மாற்றினார்.

பத்தே நிமிடத்தில் திரை உறைந்தது.

"பாத்தியா?" என்றார், கசப்போடு.

"ஓடறப்ப விழுந்துச்சா, சும்மா நிக்கறப்ப விழுந்துச்சா?"

"நிக்கறப்ப."

"அப்ப நிக்கறதுக்குக் கொஞ்சம் தெம்பு குடுங்க மாமா."

அவர் கணினியை மறுபடி கிளப்பி, மின்னழுத்தத்தை மிகக் கொஞ்சமாக உயர்த்தினார். பிறகு மிகக் கனமான படத்தைக் கொடுத்துப் பார்த்தார். பழைய உச்ச வேகத்துக்கு துளியும் குறையாமல் ஏறி, வேலையை முடித்து, தானாக இறங்கியது. விசிறி தணிந்து தணிந்து, இருக்கிறதா என்றே தெரியாமல் போயிற்று; திரை மறுபடி உறையவில்லை.

மறுநாள் மனைவி தன் அறையில் மேசை முன்னால் உட்கார்ந்து வாசித்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவர் சுட்டியைக்கூட மெல்லத்தான் நகர்த்தினார். அவள் பக்கம் புரட்டுவதும், ஒரு வாக்கியத்துக்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொள்வதும் கேட்டன. ஒரு முழு அத்தியாயம் கேட்டுவிட்டு எழுந்து அவள் அறைக்குப் போனார்.

"அலமாரிக்குள்ள எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க மிஷின அணைச்சிருப்பீங்க. உங்க வேலை என்னாகும்?"

நன்றி என்ற சொல் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவளும் எழுந்து போகச் சொல்லவில்லை.

அந்தப் பதிவை நூலகம் ஏற்றுக்கொண்டது. அவள் இதுவரை நூறு புத்தகங்களுக்கு மேல் வாசித்திருக்கிறாள். தம்பி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டான், லிஃப்ட் வேலையில்தான் இருக்கிறான். கணினி இன்னும் ஆறு வருடம் உழைத்துவிட்டு நின்றது. வரைகலைஞர் புதியது வாங்கி, அதே அறையில் வரைந்துகொண்டிருக்கிறார்.