இடது கண்

1931ஆம் வருஷத்து மார்கழியில் அந்தோணியம்மாளின் இடது கண் ஒழுக ஆரம்பித்தது. பங்குனி வந்தும் நிற்கவில்லை. ஜாம்பஜாரில் மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையால் துடைப்பாள், எழுந்து போய் முகம் கழுவுவாள், திரும்பி வந்து உட்காருவதற்குள் கன்னம் மறுபடி நனைந்திருக்கும். அழுகிற முகத்தில் போணி செய்ய யாருக்கு மனசு வரும்? காலையில் வருகிற முதல் ஆள் கூடையைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான், பக்கத்துக் கூடைக்கு நகர்ந்துவிடுவான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவள் புருஷன் வேதநாயகம் ரங்கூன் கப்பலேறி இரண்டு வருஷமாகிறது. ஒரு கடுதாசி கிடையாது. அவனை நினைத்துத்தான் அழுகிறாள் என்று சாந்தோம் குப்பம் முழுக்கப் பேச்சு. அதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனவனைத் தலைமுழுகிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். இந்தப் பாழாய்ப்போன கண் அவளைப் பொய்க்காரியாக்கிக்கொண்டிருந்தது.

கண்ணுக்குச் செய்யாத வைத்தியமில்லை. நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டாள். பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் கேட்டு வாங்கி விட்டாள். லஸ் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். கண் தன்பாட்டுக்கு ஒழுகியது. ஒருநாள் பக்கத்துக் கூடைக்காரி தேசம்மா அவள் முதுகைத் தடவி, "மனசுல வச்சிக்கினு இருக்காதக்கா, அயுது தீத்துடு" என்றாள். அவ்வளவுதான். கூடையைத் தேசம்மா தலையிலேயே கட்டிவிட்டு, டிராமுக்குக்கூட நிற்காமல், எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரிக்கு நடந்தே போனாள்.

டாக்டர் கண்ணை ஒரு நிமிஷந்தான் பார்த்தார். பிறகு மூக்கும் கண்ணும் சேருகிற மூலையில் விரலால் அழுத்தினார். சீழ் வந்தது. சளி உண்டா, கன்னத்தெலும்பு வலிக்கிறதா, குனிந்தால் நெற்றி கனக்கிறதா என்று கேட்டார். எல்லாம் மார்கழியிலிருந்தே உண்டு. மீன்காரிக்குச் சளி ஒரு வியாதியா என்று அவள்தான் சும்மா இருந்துவிட்டாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். "கண்ணீர் இறங்குற குழாய் மூக்குக்குள்ளேதான் போய் முடியுது. முகத்தெலும்புக்குள்ளே சளி கட்டி, மூக்கு வீங்கி, அந்த வழி அடைச்சிருக்கு. அதான் கன்னத்துல வழியுது."

"அப்ப இது அயுகை இல்லியே?"

"இல்லவே இல்ல."

அதை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டு மருந்தைத்தான் எழுதினார்.

மூன்று வாரம் ஆவி பிடித்தாள், உப்புநீரால் மூக்கைக் கழுவினாள். நான்காம் தடவை போனபோது டாக்டர் முனை மழுங்கிய ஊசியைக் கண்மூலைத் துளையில் வைத்து உப்புநீரைச் செலுத்தினார். தொண்டையில் கரித்தது. வழி திறந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மீன் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காய்ந்த கன்னத்தைக் காட்டினாள். தேசம்மாவுக்குத் தினமும் அதே பாடம். "எல்லாம் மூக்கு பண்ண வேலை. எடது பக்கம் மட்டுந்தான். வலது கண்ணுல ஒரு சொட்டு வந்துச்சா, நீயே சொல்லு." தேசம்மாவுக்குக் காது புளித்துப்போயிற்று.

பத்து நாள் கழித்து, கருவாட்டு வியாபாரி கரீமுல்லா ரங்கூனிலிருந்து திரும்பி வந்தார். அந்தோணியம்மாள் கொடுவா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லத் தயங்கி, விலை விசாரித்து, கூடையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் சொன்னார். வேதநாயகத்தைப் பார்த்தாராம். அங்கே ஒரு குடும்பம் ஏற்பட்டுவிட்டதாம். கைக்குழந்தை ஒன்று இருக்கிறதாம்.

"உடம்பு நல்லா கீதா அதுக்கு?" என்று கேட்டாள்.

வேதநாயகம் நன்றாகத்தான் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவள் மீனைத் திருப்பிப் போட்டுச் சீவினாள். தலைமுழுகிவிட்டதாகச் சொன்னவள், அந்த இரண்டு வருஷமும் அவனுக்காகத்தான் காத்திருந்தாள். அது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"பாரு தேசம்மா," என்றாள். "மூக்கு மறுபடி அடச்சிக்கிச்சு."

தேசம்மா திரும்பிப் பார்த்தாள். வலது கன்னமும் நனைந்திருந்தது.

"ஆமாக்கா, மூக்குதான்," என்று சொல்லி அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி, மீதிச் செதிலைத் தானே சீவ ஆரம்பித்தாள்.