சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது

எங்கள் ஊரில் விடைபெறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மேசையில் ஒரு முறை, கதவருகே ஒரு முறை, படிக்கட்டில் ஒரு முறை, காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி இன்னொரு முறை. அதற்குள் மறுபடி காப்பி வந்துவிடும். இந்த விஷயத்தில் என் மனைவி மென்காவை மிஞ்ச பிதோலா நகரத்திலேயே ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளிடம்தான் நாய் விடுதி நடத்தும் யாஸ்னா, "அரை நிமிஷத்துல கிளம்பிடணும் அத்தை" என்று சொல்லியிருந்தாள்.

வெளிநாட்டில், மால்மோ நகரத்தில் இருக்கும் எங்கள் மகள் பிஸெராவுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். போயே ஆக வேண்டும். எங்கள் நாய் ஷார்கோவை விட்டுவிட்டுப் போக வேறு ஆள் இல்லை. சொந்தக்காரர்களில் இரண்டு பேரைக் கடித்திருக்கிறான். அதில் ஒரு கடி நியாயமானது. விடுதியில் முதலில் ஒரு பகல் மட்டும் விட்டுப் பார்ப்பார்கள். நாய் தாக்குப்பிடித்தால்தான் இரவுகளுக்குச் சேர்த்துக்கொள்வார்கள்.

நகம் வெட்டினோம். ஊசி போட்டோம். பூச்சி மாத்திரையைப் பாலாடைக்கட்டிக்குள் ஒளித்துக் கொடுத்தோம். அவன் கட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்பில் வைத்தான். மென்கா அவனைக் குளிப்பாட்டிவிட்டு, ஒரு தட்டு நிறையக் கீரை ரொட்டியும் சுட்டாள்.

"நாய்ங்க இருக்கற இடம்டி அது" என்றேன்.

"அதுக்காக வெறுங்கையோட போவாங்களா? நாய்ங்களுக்கு என்ன, வாய் இல்லையா?"

அன்றைக்கு விடுதியில் நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கூண்டருகே முத்தம் கொடுத்தாள். கதவருகே வந்து ஒரு தடவை கூப்பிட்டாள். வாசலுக்குப் போனவள் திரும்பி வந்தாள். காரில் ஏறியவள் இறங்கிப் போய், பக்கத்துக் கூண்டு நாய்க்கும் போய்வருவதாகச் சொன்னாள். அதுவரை வாலாட்டிக்கொண்டிருந்த ஷார்கோ ஊளையிட ஆரம்பித்தான். சாயங்காலம் வரை நிறுத்தவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவதான் அத்தை" என்றாள் யாஸ்னா. "அன்னைக்கும் இப்படின்னா என்னால சேத்துக்க முடியாது. அவன் மேல தப்பே இல்ல, நீங்கதான். கயித்த என் கையில குடுங்க. ஒரு வார்த்த பேசாம நடங்க. திரும்பிப் பாக்கவே கூடாது."

மென்காவின் முகம் வெளுத்துவிட்டது. கார் கிளம்பியதும் என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லிக்காம, திரும்பிப் பாக்காம, எங்கேர்ந்துய்யா வருவோம்?"

எனக்குத் தெரியாதா? கல்லறைத் தோட்டத்திலிருந்துதான். அங்கே மட்டும்தான் யாரும் யாரிடமும் மறுபடி பார்ப்போம் என்று சொல்வதில்லை.

"நாய்க்கு அதெல்லாம் தெரியாதுடி."

"எனக்குத் தெரியுமே. அவனுக்கு வயசாயிடுச்சு. உயிரோட இருக்கறவன அப்படி விட்டுட்டு வரச் சொல்றாளே!"

ஆனாலும் பேரப்பிள்ளை விஷயம். மறுநாளே பழக ஆரம்பித்தாள். கடைக்குப் போகும்போது ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். ஷார்கோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான்தான் பதறி எழுந்து வாசலுக்கு ஓடினேன். பிறகு பக்கத்து வீட்டு தோப்ரிலாவோடு காப்பி குடிக்கப் போனவள், கோப்பையை வைத்துவிட்டு அப்படியே எழுந்து வந்துவிட்டாள். பின்னாலேயே தோப்ரிலா, துக்க வீட்டுக்குக் கட்டும் கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ ஸ்பாசே, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. நாயை விடுதியில விடப் பழகறா."

தோப்ரிலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குடும்பத்தில் யாருக்குப் பித்துப் பிடித்தது என்று எடைபோட்டாள் போலிருக்கிறது.

இரண்டாம் முறை போன அன்று மென்கா ரொட்டி சுடவில்லை. கல்லறைக்கும் ரொட்டி கொண்டுபோகிறோமே, இருக்கிற அபசகுனமே போதும் என்றாள். விடுதி வாசலில் கயிற்றை யாஸ்னாவின் கையில் கொடுத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். நடந்தாள். இவளா என்று நானே அசந்துபோனேன். வெளிக்கதவு வரை வந்துவிட்டோம். அங்கே அவள் கால் நின்றது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். பயனில்லை, திரும்பிவிட்டாள்.

போச்சு, மால்மோ போச்சு என்று நினைத்துக்கொண்டு நானும் திரும்பினேன்.

ஷார்கோ ஒரு பழுப்பு நிறப் பெட்டை நாயோடு உள்ளே போய்க்கொண்டிருந்தான். வால் நிமிர்ந்திருந்தது. மென்கா பார்த்துக்கொண்டே நின்றாள். இப்போது திரும்புவான், இப்போது திரும்புவான் என்று நானும் நின்றேன். அவன் திரும்பவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

"தேறிட்டான் அத்தை!" என்று யாஸ்னா அங்கிருந்தே கத்தினாள்.

மென்கா சாத்திய கதவைக் கை காட்டினாள்.

"பாத்தியா ஸ்பாசே? சொல்லிக்கல, திரும்பிப் பாக்கல. நம்மளப் புதைச்சுட்டுப் போயிட்டான்."

கேலி செய்யலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்கும் வலிக்கத்தான் செய்தது, அதுவும் ஒரு நாயால்.

"அதான் தேறிட்டானே" என்றேன். "இனி நாம ஊருக்குக் கிளம்பலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

"பிஸெராவுக்குப் போன் போடு. செத்துப்போன ரெண்டு பேர் பிரசவம் பாக்க வர்றோம்னு சொல்லு."