உப்புத் தண்ணீருக்குத் திறந்த மதகு

“ஒன்பது வருஷம். ஒரு மூட்டை விதைகூட வெளிய வரல. உப்பைத் தாங்குற நெல்லை வெளிநாட்டுக் கம்பெனி விக்குது. வாங்கிட்டுப் போவோம்,” என்றார் குவான். ஆராய்ச்சிப் பணத்தில் எதை வெட்டலாம் என்று பார்க்க ஹனோயிலிருந்து வந்த அதிகாரி.

“இந்த வருஷம் விப்பான். அடுத்த வருஷம் அவன் வச்சதுதான் விலை. இல்லைன்னு கையை விரிச்சா என்ன சார் செய்வீங்க?” என்றாள் தோவா. வியட்நாமின் தெற்குக் கடலோரத்தில் பென்ட்ரே அரசு நெல் பண்ணையின் பொறுப்பாளர்.

“பண்ணையை மூடுறதுக்குக் கையெழுத்துப் போடுங்கம்மா.”

தோவா பேனாவைத் தொடவில்லை. நேராக மதகுக்காரர் சின்னிடம் போனாள்; குவானும் பின்னாலேயே வந்தார்.

“சித்தப்பா, சோதனை வயல் மதகைத் திறங்க.”

சின் கால்வாய்த் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். “கடலே ஏறி வந்திருக்கு. முப்பது வருஷமா இதை மூடித்தான் சோறு தின்னுறேன். திறந்தா ஊரே என்னை வாய்க்கால்ல தள்ளும்.”

“ஊர் வயலுக்குப் போற வழியை மண் போட்டு அடைச்சாச்சு. உப்பு என் வயல்லதான் நிக்கும்.”

அறுபது வரிசை, அறுபது ரகம். இதுவரை தொட்டியில் மட்டுமே உப்பைப் பார்த்த நாற்றுகள். இன்னும் இரண்டு பருவம் பொறுத்து வயலில் விடலாம் என்றிருந்தாள். இப்போது பொறுக்க நேரமில்லை.

“பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க சார். எல்லாம் செத்திருந்தா கையெழுத்துப் போடுறேன்.”

“என் வேலையை நீங்களே செய்றீங்க,” என்று குவான் சிரித்தார்.

சின் சக்கரத்தைச் சுற்ற, மதகுப் பலகை ஏறியது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

பதினைந்தாம் நாள் வயல் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. குவான் வரப்போடு எண்ணிக்கொண்டே நடந்தார்.

“ஐம்பத்தேழு வரிசை போச்சு. போடுங்க கையெழுத்து.”

“எல்லாம் செத்தா போடுறேன்னுதான் சொன்னேன். மூணு நிக்குது.”

மூன்றும் பச்சைப்பசேலென்று நின்றன.

“அறுபதுக்கு மூணு. இதுக்கா ஒன்பது வருஷம்?”

“எந்த மூணுன்னு கண்டுபிடிக்கத்தான் சார் ஒன்பது வருஷம். கம்பெனிக்காரனும் ஐம்பத்தேழைச் சாகடிச்சிட்டுத்தான் நம்மகிட்ட வர்றான். அதுக்கும் சேர்த்து நம்ம தலையில விலை வைக்கிறான்.”

குவான் குனிந்து தண்ணீரை நாக்கில் வைத்தார். முகம் கோணிற்று. கையெழுத்துக்குக் கொண்டுவந்த தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“ரெண்டு வருஷத்துக்குப் பணம் எழுதுறேன். அதுக்கு மேல கேக்காதீங்க.”

“கேப்பேன்,” என்றாள் தோவா.

சின் மதகுச் சக்கரத்தில் கை வைத்தார். “மூடிரட்டுமாம்மா?”

“அறுவடை வரைக்கும் திறந்தே கிடக்கட்டும் சித்தப்பா.”