ஆமைப்பாறைக்குள் ஒரு பொந்து

ஆமைப்பாறையின் உச்சியில் தண்ணீர்த் தாங்கி கட்ட அத்திவாரக் குறி போட்ட பிறகுதான், அடைமழை விட்டதும் பாறையில் ஒரு வெடிப்புக் கண்டது. கீழே, துறைமுகப் பக்கமாக, வரிசையாய் வீடுகள். வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர் ஜெஸீமாவுக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே பொந்து இருந்தால் அவ்வளவு பாரத்தையும் பாறை தாங்குமா? அவ்வளவு பெரிய பாறையில் எங்கேயென்று துளைத்துப் பார்ப்பது?

அவள் விசாரித்துத் திரிந்து கண்டுபிடித்த ஆள்தான் நிஷாந்தினி. சல்லி என்ற ஊர்க்காரி, பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவள். கட்டிலளவு பெட்டியொன்றைக் கொண்டுவந்து, பாறையின் அடியிலிருந்த வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கத்துக்குள் வைத்தாள்.

“இது பாறைக்குள்ள என்னத்தை அனுப்பும்?” என்று கேட்டாள் ஜெஸீமா.

“ஒண்டையும் அனுப்பாது மிஸ். வாறதை எண்ணும், அவ்வளவுதான். வானத்தில இருந்து மியூயோன் எண்ட கண்ணுக்குத் தெரியாத துணிக்கையள் கொட்டிக்கொண்டே இருக்கு. நாங்கள் கதைக்கேக்கையும் எங்களுக்குள்ளால போகுது. கல்லு தடிப்பெண்டால் கொஞ்சம்தான் கீழ வரும். பொந்து இருந்தால் அந்தப் பக்கத்தால கூடுதலா வரும்.”

“எப்ப தெரியும்?”

“மாதக்கணக்காகும். பொறுப்பீங்களோ?”

ஜெஸீமா பொறுத்தாள். மேலிடத்துப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு வேலையை நிறுத்தி வைத்தாள். ஒருநாள் ஈரம் பிடித்துப் பெட்டி செத்துப்போனது. வௌவால் நாற்றத்துக்குள் குப்புறப் படுத்து, நிஷாந்தினி ஒவ்வொரு வயராகக் கழற்றித் துடைத்துப் பூட்டியதை ஜெஸீமா டோர்ச் பிடித்தபடி பார்த்தாள். முகத்தில் சலிப்பு என்று ஒரு துளி இல்லை. இப்படியும் ஒரு பிள்ளையா என்றிருந்தது ஜெஸீமாவுக்கு.

கடைசியில் கணினியில் படம் வந்தது. கறுத்த பாறைக்கு நடுவே, மியூயோன் கூடுதலாக வந்த இடத்தில், வெளிறிய திட்டு. சரியாக அத்திவாரக் குறிக்குக் கீழே.

“என்ர கணக்குப் பிழைக்கவும் கூடும் மிஸ். துளைச்சுப் பாருங்கோ.”

துளைக்கும் மெசினை ஓட்டியவர் அன்ஸார். கல்லை அரைத்து அரைத்து இறங்கிய கம்பி, திடீரென்று வழுக்கிக்கொண்டு கீழே போனது.

“மிஸ், கீழ வெறும் இடம்!” என்று கத்தினார்.

ஜெஸீமா திரும்பிப் பார்த்தாள். நிஷாந்தினி வெயிலென்றும் பாராமல் கல்லில் குந்திவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. ஜெஸீமா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள்.

“கல்லுக்குள்ளயே பார்த்திட்டீங்களே!”

பொந்தைக் கொங்கிறீற்றால் நிரப்பினார்கள். தாங்கியைப் படத்தில் கறுத்திருந்த மறுகோடிக்கு மாற்றிக் கட்டினார்கள். திறப்பு விழாவில் முதல் குழாயைத் திறக்க ஜெஸீமா வேறு யாரையும் விடவில்லை. நிஷாந்தினிதான் திருகினாள். தண்ணீர் சீறி அவள் சேலையெல்லாம் நனைந்தது. கீழ் வீட்டுச் சனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.