வெளிப்பக்கம் திறக்கும் கதவு

பயிற்சிப் பொம்மையின் தாடையை இரண்டு விரலால் உயர்த்தி, மருந்துக் குழலை அதன் மூக்குத் துளைக்குள் நுழைத்தபோது, பூட்டுக்காரர் தம்மையறியாமல் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். சாவித் துளைகளுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காதால் கண்டுபிடித்தே பழகியவர் அவர். உள்ளே ஏதேனும் நகர்ந்தால் தமக்குக் கேட்டுவிடும் என்ற தொழில் நம்பிக்கை இங்கேயும் முந்திக்கொண்டது. ரப்பர் முகத்திலிருந்து ஓசை எதுவும் வரவில்லை.

“என்னண்ணே, பொம்மை உங்க காதுல ரகசியம் எதுவும் சொல்லுதா?” என்றார் பக்கத்தில் மண்டியிட்டிருந்த பேருந்து ஓட்டுநர். தம்பிக்காக வகுப்புக்கு வருபவர். அந்த அறையில் சிரிக்கத் துணிந்தவர் அவர் ஒருவர்தான்.

நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் அந்த வகுப்பு நடந்தது. போதைப் பழக்கத்தில் சிக்கிய ஒருவருடன் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்தாக வேண்டியவர்களுக்கானது. பூட்டுக்காரர் வந்தது மகளின் பழக்கத்தை நிறுத்தும் வழி கேட்டு; வகுப்பை நடத்திய நர்ஸ் முதலில் சொல்லிக்கொடுத்ததோ அவள் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வழி. உதடு நீலம் பாரிப்பதைக் கவனிக்க வேண்டும். தொண்டை அடைத்த குறட்டையை நல்ல தூக்கமென்று எண்ணி விட்டுவிடக் கூடாது. ஆம்புலன்ஸை அழைத்து, போதையை முறிக்கும் மருந்தை மூக்கில் அடித்து, மூச்சுக் கொடுக்க வேண்டும். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து பூட்டு வாங்க வந்தவனுக்குத் திருடனை வரவேற்கக் கற்றுக்கொடுப்பதைப் போலிருக்கிறதே என்று முதல் வாரங்களில் அவர் மனத்துக்குள் குமைந்ததுண்டு. ஆனாலும் வந்துகொண்டிருந்தார்.

“அவங்க உள்ள தாழ் போட்டுக்கிட்டு விழுந்துட்டா, நீங்க எப்படி உள்ள போவீங்க?” என்று நர்ஸ் பொதுவாகக் கேட்டார்.

“எங்க வீட்டுல தாழ்ப்பாளே கிடையாதும்மா. அவ அறை, குளியலறை, எல்லாத்துலயும் நானே கழட்டிட்டேன்.” பூட்டுக்காரரின் குரலில் சற்றே பெருமை இருந்தது.

“ஊருக்கெல்லாம் பூட்டை வித்துட்டு சொந்த வீட்டைத் திறந்து போட்டுட்டீங்களா?” என்றார் ஓட்டுநர். இம்முறை வேறு சிலரும் சிரித்தார்கள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. “அப்போ உங்க பொண்ணு எங்க போய் எடுத்துக்கிறாங்க?”

கேள்வியில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. அதனாலேயே அதைத் தட்டிக்கழிக்க அவரால் முடியவில்லை. திரைச்சீலைக் கடையில் தையல் வேலை செய்த மகள், தோள்வலிக்கு மாத்திரை விழுங்கத் தொடங்கி, மாத்திரை கிடைக்காதபோது ஊசிக்குப் போனவள். தாழ்ப்பாள்களைக் கழற்றிய அன்று, இனி இவள் தம் கண்ணுக்கு மறைவாக எதையும் செய்ய முடியாது என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார். அதற்கடுத்த வாரம் பேருந்து நிலையக் கழிப்பறையில் அவள் மயங்கிக் கிடந்தாள். கதவுக்கடியில் தெரிந்த ஒற்றைச் செருப்பைத் துப்புரவுப் பெண் பார்த்திருக்காவிட்டால் அவ்வளவுதான். இரண்டு நிகழ்ச்சிகளையும் அவர் இதுவரை தனித்தனியாகவே வைத்திருந்தார், வெவ்வேறு வீட்டுச் சாவிகளை வெவ்வேறு ஆணியில் மாட்டுவதைப் போல. இப்போது இரண்டும் ஒரே வளையத்தில் வந்து சேர்ந்தன.

வகுப்பு முடிந்து, பொம்மையைச் சாமான் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஓட்டுநர் தம் பையை உள்ளேயே மறந்துவிட்டார். திரும்பிப் போய்த் தள்ளினால் கதவு நகரவில்லை. பொம்மை சரிந்து கதவின்மேல் விழுந்திருந்தது. “அட, வழியை விடுப்பா ராசா!” என்று ஓட்டுநர் தோளால் முட்ட, கதவு விரலளவு விலகி மறுபடி ஒட்டிக்கொண்டது. பூட்டே இல்லாத, உட்பக்கம் திறக்கும் கதவு. பூட்டுக்காரர் அதன் கீல்களைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலை அவர் குளியலறைக் கதவைக் கீலோடு பெயர்த்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்த மனைவி, துவைத்த துணிகளுடன் நடைவழியிலேயே நின்றுவிட்டாள்.

“தாழ்ப்பாள் போச்சு. இப்போ கதவும் போச்சா?”

“போகல. வெளிப்பக்கமாத் திறக்கிற மாதிரி மாட்டுறேன். தாழ்ப்பாளும் போடப்போறேன்.”

வகுப்புக்கு ஒருநாளும் வராதவள் அவள். சொன்னதைக் கேட்டுத் துணிகளைத் தரையில் வைத்தாள். “ஏங்க, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. வீட்டுக்குள்ளயே எடுத்துக்கோடி ராசாத்தின்னு கதவு செஞ்சு கொடுக்கிறீங்களா?”

திருப்புளி அவர் கையில் நின்றது. ஆம் என்பதும் இல்லை என்பதும் பொய்யாகப் பட்டன. “அவ எடுத்துக்கிறது எனக்கும் பிடிக்கல. ஆனா அன்னைக்கு அந்தச் செருப்பைப் பார்த்தது நீயும் இல்ல, நானும் இல்ல. யாரோ ஒருத்தி.”

அவள் துணிகளை அள்ளிக்கொண்டு போனாள். கொடிக்கயிற்றில் துணியை உதறும் ஓசை வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

நிலையில் கதவு முட்டி நிற்கும் தடுப்புச் சட்டத்தைப் பெயர்த்து எதிர்ப்பக்கம் அறைந்து, கீலுக்கு உளியால் புதுப் பள்ளம் வெட்டிக் கதவைத் தூக்கி நிறுத்தியபோது பிற்பகலாகிவிட்டது. தாழ்ப்பாளின் கடைசித் திருகாணியை முடுக்கும் நேரத்தில் மகள் வந்தாள். கண்ணுக்குக் கீழே நிழல். முழங்கையை மறைத்த நீளக்கைச் சட்டை.

“இன்னும் கழட்ட என்னப்பா மிச்சம் இருக்கு?”

“கழட்டல. மாட்டுறேன்.”

அவள் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். கதவின் வெளிப்புறத்தில், தாழ்ப்பாளுக்கு நேரே, ஒரு சிறு வெட்டு இருப்பதையும் பார்த்தாள். பூட்டுக்காரர் மகளல்லவா. “இது வெளியேருந்து திறக்குமே.”

“திறக்கும். ஒரு காசை வெச்சுத் திருப்பினாப் போதும்.” மறைத்திருக்கலாம் என்ற எண்ணம் சொல்லி முடித்த பிறகே அவருக்கு வந்தது. “சும்மா திறக்க மாட்டேன். வெளிய நின்னு தட்டுவேன். நீ உள்ளேருந்து ஒருதரம் தட்டு, போதும். தட்டலைன்னாதான் திறப்பேன்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

“பல் தேய்க்கப் போனாலுமா?”

“அப்பவும்தான். எதுக்குப் போறேன்னு நான் கேக்கப்போறதில்ல.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு பாதியில் நின்றது. கதவை விரித்து, மூடி, மறுபடி விரித்தாள். வெளிப்புறம் திறக்கும் கதவு நடைவழியை முழுக்க அடைத்தது. “இடிக்கும்ப்பா, போற வர்ற வழியில.”

“இடிக்கட்டும்.”

எதற்காக வெளிப்புறம் என்று அவள் கேட்கவில்லை. கீல்களையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தவளின் கண்கள், அவள் அதைக் கணக்கிட்டுவிட்டதைச் சொல்லின. பிறகு தோள்பையோடு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. தாம் செய்தவற்றிலேயே மிக மெல்லிய ஓசையுடைய தாழ்ப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. குழாய் திறக்கும் சத்தம் வந்தது. அவர் சட்டைப் பையில் துழாவி ஒரு காசை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

எப்போது தட்டுவது? உடனே தட்டினால் நம்பவில்லை என்றாகும். தாமதித்தால்? வகுப்பில் சொன்னதெல்லாம் நினைவிலிருந்தும் கை எழவில்லை. பின்னால் காலடி கேட்டது. மனைவி வந்து, அலமாரிக்குள் துணிகளுக்கடியில் தான் ஒளித்து வைத்திருந்த, வகுப்பில் கொடுத்தனுப்பிய மூக்கு மருந்துப் பெட்டியை, சாவிகள் மாட்டும் ஆணிகளுக்குக் கீழிருந்த பலகையில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் அவரைத் தாண்டிக் கையை நீட்டி, விரல் முட்டியால் கதவைத் தட்டினாள்.

தண்ணீரின் ஓசை நின்றது. அவர் காசைக் கதவின் வெட்டுக்கு அருகில் கொண்டுபோனார்.

உள்ளேயிருந்து ஒரு தட்டல். சற்றுக் கழித்து, கேட்காமலே, இன்னொன்று.

மனைவியின் உள்ளங்கை கதவிலேயே பதிந்திருந்தது. கதவு இப்போது வெளிப்பக்கம் திறக்கும். மகள் வெளியே வரவேண்டுமானால் இவர்கள் விலகி நின்றாக வேண்டும். அவர் மனைவியின் தோளைத் தொட்டார். குறுகிய நடைவழியின் எதிர்ச்சுவரில் முதுகு ஒட்டும்வரை இருவரும் மெல்லப் பின்னால் நகர்ந்து, கதவுக்கு இடம் விட்டு நின்றார்கள்.